வெளிநாட்டில் இருக்கும்போது சமயத் தொண்டும் ஊர் பார்த்தலும்: ஒரு முழுமையான வழிகாட்டி

வேலைக்கோ படிப்புக்கோ பிள்ளைகளோடு இருப்பதற்கோ ஓரிரு வருடம் வெளிநாட்டில் தங்கப் போகிறவர்களில் பலருக்கு இரண்டு ஆசை இருக்கும். தங்கள் சமயம் கற்றுக்கொடுத்த தொண்டை அங்கேயும் விடாமல் செய்ய வேண்டும் என்பது ஒன்று. வந்த இடத்தில் கோட்டை, ஆலயம், அருங்காட்சியகம், திருவிழா எல்லாவற்றையும் கண்குளிரப் பார்த்துவிட வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லக் கூச்சப்படுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சேவை என்று சொல்லிவிட்டு ஊர் சுற்றுகிறார்களே என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்ற தயக்கம்.

அந்தத் தயக்கத்துக்கு அவசியமே இல்லை. யாத்திரையும் தொண்டும் ஆதியிலிருந்தே ஒரே கூரைக்குக் கீழே இருந்தவை. அந்தக் கூரைக்கு நாம் வைத்த பெயர் சத்திரம். வழிப்போக்கருக்குச் சோறும் படுக்கையும் கொடுத்த அந்த இடம் வெவ்வேறு பெயரில் எல்லா நாட்டிலும் இருக்கிறது. காக்கவேண்டிய எல்லை ஒன்றே ஒன்றுதான்: ஊரைப் பார்க்கலாம், உதவி கேட்டு வருகிறவர்களை வேடிக்கை பார்க்கக் கூடாது. கீழே சொல்லும் படிகளில் பாதிக்கு மேல் இந்த எல்லையைக் காப்பாற்றுவதற்காகத்தான்.

முதல் படி: விசாவில் என்ன எழுதியிருக்கிறது?

சம்பளம் வாங்காமல் செய்வதற்கு யார் கேள்வி கேட்கப் போகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். தாய்லாந்தில் ஊதியமில்லாத தன்னார்வ வேலைக்கும் பணி அனுமதி வேண்டும். நேபாளத்துக்குச் சுற்றுலா விசாவில் போனவர் தொண்டர் வேலை செய்யக் கூடாது. பிரிட்டன் கொஞ்சம் தாராளம். பார்வையாளராகப் போனவர்கூடப் பதிவு பெற்ற அறநிறுவனத்தில் 30 நாள் வரை தொண்டு செய்யலாம். அதற்கு மேல் என்றால் அறப்பணியாளர்களுக்கான தனி விசா இருக்கிறது, அது 12 மாதம் வரை செல்லும். வேலை விசாவிலோ துணைவர் விசாவிலோ இருப்பவர்கள் குடிவரவு அலுவலகத்தின் விதிகளைப் படிப்பதோடு, முதலாளியிடமும் எழுத்தில் ஒரு வார்த்தை கேட்டுவைத்துக்கொள்வது நல்லது.

பணம் திரட்டுவது இதைவிட ஆபத்தான இடம். நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் "ஆளுக்குக் கொஞ்சம் போடுங்கள்" என்று கேட்பது நமக்குச் சாதாரணம். ஐக்கிய அரபு அமீரகத்தில் உரிமம் பெற்ற அமைப்புகளைத் தவிர வேறு யாரும் நன்கொடை திரட்டக் கூடாது என்று 2021-இல் வந்த சட்டம் சொல்கிறது. நல்ல எண்ணம் சட்டத்தின் முன் சாட்சியாக நிற்காது. கொடுக்க நினைப்பதை உரிமம் உள்ள அமைப்பின் கணக்கில் செலுத்தி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, சமயம் பேசுவது. நேபாளத்தில் 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டத்தின்படி மதமாற்றம் செய்வது சிறைக்குரிய குற்றம். செய்தவர் வெளிநாட்டவர் என்றால் தண்டனை முடிந்ததும் நாட்டை விட்டு அனுப்பிவிடுவார்கள். வேறு பல நாடுகளிலும் இதுபோன்ற சட்டங்கள் உண்டு. உங்கள் பக்தி உங்கள் உழைப்பில் தெரிந்தால் போதும். கேட்டால் சொல்லுங்கள், கேட்காத இடத்தில் தொடங்காதீர்கள்.

இரண்டாம் படி: யாரோடு சேர்வது?

பெரிய பெயர் வேண்டும் என்பதில்லை. வழிபாட்டிடத்தோடு சேர்ந்த சின்னச் சமையலறை உலகப் பெயர் பெற்ற அமைப்பைவிட ஒழுங்காக நடப்பதுண்டு. இன்றைக்குப் பெரிதாக இருப்பவையும் சின்னதாகத் தொடங்கியவைதானே! தைவானின் ஹுவாலியெனில் 1966-இல் பிக்குணி செங் யென் த்ஸு சி அறநிறுவனத்தைத் தொடங்கியபோது அவரோடு இருந்தவர்கள் முப்பது இல்லத்தரசிகள். காய்கறிக் காசில் தினம் 50 காசு எடுத்து மூங்கில் உண்டியலில் போட்டார்கள்.

ஓர் அமைப்பைத் தேர்ந்தெடுக்க என்னிடம் இருக்கும் அளவுகோல், செஞ்சிலுவை, செம்பிறை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து 1994-இல் வகுத்த நன்னடத்தை விதிகள். மொத்தம் பத்து. அவற்றில் மூன்றை மனப்பாடமாகவே வைத்திருக்கலாம். இனம், சமயம், நாடு பார்க்காமல் தேவை பார்த்தே உதவி போக வேண்டும். எந்த அரசியல் நிலைப்பாட்டையோ சமய நிலைப்பாட்டையோ வளர்க்க உதவியைக் கருவியாக்கக் கூடாது. விளம்பரத்தில் பாதிக்கப்பட்டவர்களை மானமுள்ள மனிதர்களாகவே காட்ட வேண்டும். சமய அமைப்புகளும் இதில் கையெழுத்திட்டிருக்கின்றன. நீங்கள் சேரப்போகும் இடத்தில் போய், "பிற சமயத்தார் வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். பதில் சொல்வதற்கு முன் அவர்கள் முகம் சுளித்தால் வேறு இடம் பாருங்கள்.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். சுற்றுலா ஊர்களில் அனாதை இல்லங்களுக்கு ஒருநாள் விருந்தாளியாகப் போவது, குழந்தைகளோடு பாட்டுப் பாடிவிட்டு மாலையில் கோயில் பார்ப்பது என்று சில திட்டங்கள் விற்பனைக்கு வரும். போகாதீர்கள். கம்போடியாவில் இப்படிப்பட்ட இல்லங்களில் இருந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தார்கள் என்று தெரியவந்தது. வெளிநாட்டார் பணம் வருவதால்தான் குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துக் கொண்டுவருகிறார்கள். 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை குழந்தை உரிமைகள் குறித்து நிறைவேற்றிய தீர்மானமும் இந்த ஆபத்தை எடுத்துச் சொல்கிறது. இன்றைக்கு மடியில் ஏறி உட்காரும் குழந்தை, நாளைக்கு வேறொருவர் மடி, நாளை மறுநாள் இன்னொருவர். அந்தக் குழந்தை என்ன பாவம் செய்தது? குழந்தைகள் இருக்கும் எந்த இடத்திலும் காவல்துறைச் சரிபார்ப்புச் சான்று கேட்காமல் உங்களை உள்ளே விட்டால், அதுவே அந்த இடத்தை விட்டுக் கிளம்புவதற்குப் போதுமான காரணம்.

மூன்றாம் படி: சலிப்பான வேலையைக் கேட்டு வாங்குங்கள்

புதிதாகச் சேர்கிறவர்கள் மக்களோடு நேரில் பழகும் வேலைதான் வேண்டும் என்பார்கள். மொழி தெரியாது, ஊர் தெரியாது, வந்தவரின் கதை தெரியாது. முதல் ஒரு மாதம் பின்னறை வேலையே உங்களுக்கும் நல்லது, அவர்களுக்கும் நல்லது.

நான் முதலில் போய் நின்றது, நன்கொடையாக வந்த துணிகளைப் பிரிக்கும் மேசை. நீளமான மேசை, ஒரு முனையில் மூட்டை, மறுமுனையில் அட்டைப்பெட்டிகள். ஒவ்வொரு துணியையும் விரித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும். அக்குள் தையல், காலர் உள்பக்கம், ஜிப், பித்தான். கறை இருந்தால் ஒதுக்க வேண்டும். பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர், தானும் ஒருகாலத்தில் உதவி கேட்டு வரிசையில் நின்றவர், ஒரு சட்டையை என் கையிலிருந்து வாங்கி மூன்றாவது பித்தான் இல்லாததைக் காட்டினார். "உங்கள் மகனுக்கு இதைப் போட்டு அனுப்புவீர்களா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு ஊசியும் பித்தான் டப்பாவும் என் பையில் எப்போதும் இருக்கும். 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரங்களில் யாரும் எடுக்காத பழைய துணி மலைமலையாகக் கிடந்ததை நினைத்தால், பிரித்துப் பார்க்கும் இந்த வேலையின் அருமை தெரியும்.

பழக்கமில்லாதவர் உடனே இறங்கக்கூடிய இன்னோர் இடம், சீக்கியர் கோயிலான குருத்வாராவில் எல்லோருக்கும் இலவசமாகச் சோறு போடும் லங்கர் என்ற சமையலறை. எந்த ஊர் குருத்வாராவானாலும் செருப்பைக் கழற்றி, தலையை மூடிக்கொண்டு போனால் தட்டு கழுவவும் வெங்காயம் உரிக்கவும் இடம் கொடுப்பார்கள். சீக்கியராக இருக்க வேண்டியதில்லை. பிறகு அதே தரையில் எல்லோரோடும் சமமாக உட்கார்ந்து சாப்பிடலாம். ஒரு சமயத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள இதைவிடச் சிறந்த அருங்காட்சியகம் எனக்குத் தெரியாது.

கைத்திறன் உள்ளவர்கள் அதைச் சொல்லிவையுங்கள். சக்கர நாற்காலி வழங்குவதை எடுத்துக்கொண்டால், உலக சுகாதார அமைப்பு 2008-இல் வெளியிட்ட வழிகாட்டியில் அதற்கு எட்டுக் கட்டங்கள் இருக்கின்றன. இடுப்பு அகலம், தொடை நீளம் அளந்து, பொருத்தி, ஓட்டப் பழக்கி, பிறகு பழுதுபார்த்துக் கொடுப்பது வரை. அளக்கத் தெரியாதவர் வண்டி நிறைய நாற்காலி கொண்டுபோய் இறக்கினால் உட்கார்ந்தவருக்குப் புண்தான் வரும்.

நான்காம் படி: நாள்காட்டியில் எது முதலில்?

தொண்டு நாட்களை முதலில் குறியுங்கள், பயணங்களை மீதியிடத்தில் வையுங்கள். இதை மாற்றிச் செய்தால் ஒவ்வொரு வாரமும் "இந்த வாரம் வர முடியவில்லை" என்று செய்தி அனுப்ப வேண்டியிருக்கும். வாரம் ஒரு நாள்தான் முடியும் என்றால் ஒரு நாளே போதும். தவறாமல் வருகிற ஒரு நாள், நினைத்தபோது வருகிற நான்கு நாளைவிட ஒருங்கிணைப்பாளருக்கு உதவும்.

ஓய்வைத் திருட்டாக நினைக்காதீர்கள். தொண்டு நெடுங்காலம் செய்தவர்கள் ஓய்வையும் ஒழுங்குக்குள் வைத்திருக்கிறார்கள். கொல்கத்தாவில் அன்னை தெரசா 1950-இல் தொடங்கிய சபையின் இல்லங்களில் தன்னார்வலர்களுக்கு நெடுங்காலமாக வியாழக்கிழமை விடுமுறை. மோர்மன் சபையின் இளம் ஊழியர்களுக்கு வாரத்தில் ஒரு நாள் ஆயத்த நாள்: துணி துவைக்க, கடிதம் எழுத, ஊர் பார்க்க. உங்கள் ஓய்வு நாள் எது என்பதை ஒருங்கிணைப்பாளரிடம் முன்பே சொல்லிவிட்டால் யாருக்கும் மனக்கசப்பு வராது.

அந்த ஊரின் சமய நாள்காட்டியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ரமலான் ஒவ்வோர் ஆண்டும் சுமார் 11 நாள் முன்னால் வரும். முஸ்லிம்கள் அதிகமுள்ள ஊர்களில் அந்த மாதத்தில் பகல் உணவு விநியோகம் குறையும், மாலையில் கை போதாது. பார்வையிடங்களின் நேரமும் மாறும். கூட்டம் அதிகமான பண்டிகை வாரத்தில் பயணச்சீட்டுக்கு அலைவதற்குப் பதில், அந்த வாரத்தைத் தொண்டுக்குக் கொடுத்துவிட்டு, பண்டிகை முடிந்த அமைதியான வாரத்தில் பயணம் போவதே என் வழக்கம். பண்டிகையை உள்ளிருந்து பார்க்கக் கிடைப்பதும் அப்போதுதான்.

ஐந்தாம் படி: எதைப் பார்ப்பது?

புகழ்பெற்ற பத்து இடங்களின் பட்டியல் எல்லோரிடமும் இருக்கிறது. நான் சொல்வது வேறு பட்டியல். எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊரின் பழைய சத்திரத்தைத் தேடிப் போங்கள்.

எருசலேமில் 1552-இல் ஒஸ்மானிய அரசி ஹுர்ரெம் சுல்தான் தொடங்கிய ஹஸகி சுல்தான் அன்னசாலை இன்றும் ஏழைகளுக்கு உணவு தருகிறது. கொல்கத்தாவில் சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்காக அன்னை தெரசா 1952-இல் திறந்த நிர்மல் ஹிருதய் இல்லம், காளிகாட் காளி கோயிலை ஒட்டியிருந்த யாத்திரிகர் விடுதியில்தான் தொடங்கியது. புளோரன்ஸில் 1419-இல் புருனெலெஸ்கி கட்டத் தொடங்கிய கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இல்லம் இன்று அருங்காட்சியகம். கட்டடக்கலை மாணவர்கள் அதன் தூண் வரிசைக்காகப் போவார்கள். நீங்கள் உள்ளே இருக்கும் சின்னஞ்சிறு அடையாளப் பொருட்களைப் பாருங்கள். என்றாவது ஒருநாள் பிள்ளையை அடையாளம் கண்டு திரும்ப அழைத்துப் போகலாம் என்று பெற்றவர்கள் துணியோடு விட்டுப் போனவை அவை.

ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஃபுக்கராய் என்றொரு குடியிருப்பு. வணிகர் யாக்கோப் ஃபுக்கர் 1521-இல் ஏழைக் கத்தோலிக்கர்களுக்காகக் கட்டியது. வருட வாடகை இன்றும் 88 சென்ட். கூடவே நிறுவியவரின் ஆன்மாவுக்காகத் தினம் மூன்று பிரார்த்தனை. ஐநூறு வருடமாக வாடகை ஏறவில்லை! அங்கே சுற்றுலாப் பயணிகளும் வருகிறார்கள், நுழைவுக் கட்டணம் உண்டு. ஆனால் பார்ப்பதற்கென்று ஒரு மாதிரி வீட்டைத் தனியாக வைத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் மனிதர்கள் வாழ்கிறார்கள், அங்கே சன்னல் வழியாக எட்டிப் பார்க்கக் கூடாது. நான் மேலே சொன்ன எல்லையை அந்தத் தெரு கல்லும் சுண்ணாம்புமாகவே காட்டுகிறது. நீங்கள் தொண்டு செய்யும் இடத்துக்கு ஊரிலிருந்து உறவினர் வந்து, "எங்களுக்கும் சுற்றிக் காட்டேன்" என்று கேட்கும்போது இந்த மாதிரி வீடு ஞாபகம் வரட்டும். அலுவலகத்தைக் காட்டுங்கள், கிடங்கைக் காட்டுங்கள். வரிசையில் நிற்பவர்களைக் காட்டாதீர்கள்.

காத்மண்டுவின் காஷ்டமண்டபத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அந்த நகரத்துக்கே பெயர் தந்த மரக்கட்டடம். வழிப்போக்கர் தங்கிப்போகும் மண்டபமாகவே எழுந்தது. அடித்தளம் 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று அகழாய்வில் தெரியவந்தது. 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் அது இடிந்து விழுந்தபோது உள்ளே ரத்ததான முகாம் நடந்துகொண்டிருந்தது. ரத்தம் கொடுக்க வந்தவர்களும் இறந்தார்கள். அந்த ஊர்மக்கள் பாரம்பரிய முறையிலேயே அதைத் திரும்ப எழுப்பினார்கள். அங்கே போனால் படம் எடுப்பதற்கு முன் ஒரு நிமிடம் சும்மா நில்லுங்கள்.

வழிபாட்டிடங்களில் நடந்துகொள்வது பற்றி நமக்குப் பெரிதாகச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். இஸ்தான்புல்லின் ஹாகியா சோபியா 1935 முதல் அருங்காட்சியகம், 2020 முதல் மீண்டும் பள்ளிவாசல். 2024 ஜனவரியிலிருந்து வெளிநாட்டுப் பயணிகளுக்குக் கட்டணத்தோடு மேல்தளம், கீழ்த்தளம் தொழுகைக்கு. அங்கோர்வாட்டில் தோளும் முழங்காலும் மூடாமல் வருகிறவர்களுக்கு அனுமதி இல்லை. கிளம்புவதற்கு முதல்நாள் ஒருமுறை சரிபாருங்கள், பையில் ஒரு நீளத் துண்டு இருக்கட்டும்.

இன்னும் ஆழமாகப் போக நினைப்பவர்களுக்கு இரண்டையும் ஒன்றாகவே செய்யும் வழியும் உண்டு. ஸ்பெயினில் சந்தியாகோ யாத்திரைப் பாதையின் விடுதிகளில் தன்னார்வலர்கள் வழக்கமாக இரண்டு வாரம் தங்கி யாத்திரிகர்களைக் கவனித்துக்கொள்கிறார்கள். தரை துடைப்பது, படுக்கை ஒதுக்குவது, கால் கொப்புளத்துக்குக் கட்டுப் போடுவது. சில விடுதிகளில் கட்டணமே கிடையாது, முடிந்ததை உண்டியலில் போடலாம். அந்தப் பணிக்கு வருகிறவர் முன்பே அந்தப் பாதையில் நடந்திருக்க வேண்டும், பயிற்சியும் எடுக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். நடந்தவருக்குத்தானே நடப்பவரின் வலி தெரியும்.

கடைசியாக, உங்களோடு வேலை செய்கிறவர்களிடம் கேளுங்கள். துணி பிரிக்கும் மேசையில் ஒருநாள் கைத்தையல் போட்ட கறுப்பு அங்கி ஒன்று வந்தது. எனக்கு அது அழகான பூவேலை, அவ்வளவுதான். பாலஸ்தீனப் பெண்களின் தத்ரீஸ் பூத்தையலில் எந்த ஊர்ப்பெண் என்பதைக்கூட வடிவத்தில் படிக்கலாம் என்பது அருங்காட்சியகத்தில் நின்று பார்த்தபோதுதான் புரிந்தது. 2021-இல் யுனெஸ்கோ அதை மானுடத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அடுத்த முறை அப்படி ஒரு துணி வந்தபோது பெட்டியில் போடாமல் ஒருங்கிணைப்பாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஊர் பார்த்ததால் தொண்டு செம்மையானது என்று நான் சொல்வது இந்த மாதிரி விஷயத்தைத்தான்.

ஆறாம் படி: உடை, கேமரா, சமூக ஊடகம்

அமைப்பின் மேலங்கியையும் அடையாள அட்டையையும் வேலை முடிந்ததும் கழற்றிப் பையில் வையுங்கள். அதைப் போட்டுக்கொண்டு சுற்றுலாத் தலத்தில் நின்றால், பார்க்கிறவர் மனதில் நன்கொடைப் பணம் ஊர் சுற்றப் போகிறது என்றுதான் படும். பதற்றமான பகுதியில் அது உங்கள் பாதுகாப்புக்கும் நல்லதல்ல.

தொண்டு நடக்கும் இடத்தில் கேமராவே வேண்டாம் என்பது என் கருத்து. அமைப்புக்குப் படம் தேவை என்றால் அவர்கள் அனுமதி எழுதி வாங்கி எடுக்கட்டும். கையில் பொட்டலம் வாங்கும் நேரத்தில் "படம் எடுக்கலாமா?" என்று கேட்டால் யாரால் வேண்டாம் என்று சொல்ல முடியும்? அகதிகளின் முகமும் இருப்பிடமும் வெளியே தெரிந்தால் ஊரில் விட்டுவந்த உறவினர்களுக்கே ஆபத்து வரலாம். பார்வையிடங்களின் படத்தைப் போடுங்கள், தாராளமாக. ஆனால் ஒரே பதிவில் முகாமையும் மாளிகையையும் கலக்காதீர்கள்.

அதேபோல், மனதைக் கனக்கவைத்த ஒரு காலைக்குப் பிறகு நேராக உல்லாசப் படகுக்குப் போகாதீர்கள். எனக்கு அப்படிப் போய் எதையுமே பார்க்க முடியாமல் திரும்பிய அனுபவம் உண்டு. அந்த நாளில் நடந்து வீடு திரும்புவதும், அமைதியான ஓர் ஆலயத்தில் உட்கார்வதும் போதும். பயணத்தை வேறு நாளுக்கு வையுங்கள்.

ஏழாம் படி: உடம்பும் பணமும்

சளி, காய்ச்சல் இருந்தால் போகாதீர்கள். முதியவரும் நோயாளியும் இருக்கும் இடத்துக்கு அது பெரிய தீங்கு. நோயாளிகளோடு வேலை என்றால் மஞ்சள்காமாலை பி தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். பயணக் காப்பீட்டில் தன்னார்வ வேலையின்போது நேரும் விபத்துக்கு இழப்பீடு உண்டா என்று பாருங்கள். உடலுழைப்பை விலக்கும் பாலிசிகள் பல. தொண்டுக்கு ஒதுக்கும் பணத்தையும் பயணத்துக்கு ஒதுக்கும் பணத்தையும் மாத ஆரம்பத்திலேயே பிரித்து வைத்துவிட்டால் மனசாட்சிக்கும் கணக்குக்கும் நல்லது. யாருக்கும் தனியாகக் கையில் பணம் கொடுக்காதீர்கள். ஒருவருக்குக் கொடுத்தது வரிசை முழுக்கத் தெரியும், மறுநாள் அந்த ஒருவர்தான் சங்கடப்படுவார்.

எட்டாம் படி: கிளம்பும்போது

திரும்பும் தேதி தெரிந்ததும் அமைப்புக்குச் சொல்லுங்கள், ஒரு மாதம் முன்பாவது. உங்கள் இடத்துக்கு வருகிறவரை இரண்டு வாரம் பக்கத்தில் வைத்துப் பழக்குங்கள். சாவி, பதிவேடு, யாருக்கு எந்த அளவுச் செருப்பு பாக்கி என்று நீங்கள் குறித்துவைத்த நோட்டு எல்லாம் கைமாற வேண்டும். முடியாததை வாக்குக் கொடுக்காதீர்கள். "அடுத்த வருடம் வருவேன்" என்பதைச் சிலர் நாள் எண்ணிக் காத்திருப்பார்கள்.

கடைசி வாரத்தில் பார்க்காமல் விட்ட இடங்களின் பட்டியல் நீளமாக இருக்கும். அதில் ஒரு நாளைக் கட்டாயம் காலியாக வையுங்கள். கூட வேலை செய்தவர்களில் யாராவது ஒருவர், "எங்கள் வீட்டுக்கு ஒருமுறை வந்துவிட்டுப் போங்கள்" என்று அந்த வாரத்தில்தான் அழைப்பார்.